சிஸ்டர் அக்கா பதில்கள்: குளிர் தொப்பி போடலாமா, வேண்டாமா?

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருஷத்துக்கு மேல் கீமோ வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர் அக்கா, வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்தவை பெரும்பாலும் முடியைப் பற்றியவை. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கேள்வி: சிஸ்டர் அக்காவுக்கு வணக்கம். எனக்கு வயது 41. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஜூனில் கீமோ. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்கு தடவை சிவப்பு மருந்து (டாக்சோருபிசின் சேர்ந்தது), அப்புறம் வாராவாரம் பன்னிரண்டு தடவை பக்லிடாக்சல் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். 'கோல்ட் கேப் போட்டால் முடி நிற்கும், வேண்டுமா?' என்று கீமோ மையத்தில் கேட்டார்கள். அதற்குத் தனிக் காசு. வீட்டுக்காரர் 'போட்டுக்கொள், பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். ஆனால் கையில் இருப்பது அம்மாவை ஊரிலிருந்து வரவழைக்க எடுத்துவைத்த பணம். செப்டம்பரில் எனக்குப் பதவி உயர்வுக்கான இன்டர்வியூ இருக்கிறது. அதுவரை பள்ளியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறேன். தெரிந்தால் 'பாவம், அவளால் முடியாது' என்று ஒதுக்கிவிடுவார்கள். என்னோடு வேலை செய்யும் ஜூலு தோழி ஒருத்தி போன வருஷம் இந்தத் தொப்பி போட்டும் அவளுக்கு முடி மொத்தமும் போய்விட்டது. இன்னொரு பயம்: தலைக்கு மருந்து போகாமல் தடுத்தால் நோய் அங்கே போய் ஒளிந்துகொள்ளாதா?
— பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: தங்கச்சி, நல்லவேளையாக மருந்தின் பெயரை எழுதினீர்கள். இந்தத் தொப்பியைப் பற்றி என்னிடம் கேட்கிற பலரும் அதைத்தான் விட்டுவிடுவார்கள். தொப்பி பலிக்குமா, பலிக்காதா என்பதில் பாதிக்கு மேல் உங்கள் டிரிப்பில் என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கும். முடியின் வேரில் இருப்பதும் அந்த மாதிரிச் செல்தான். அதனால் கட்டியோடு சேர்ந்து முடியும் அடி வாங்குகிறது. மருந்து உடம்பில் ஓடுகிற நேரத்தில் தலைத்தோலை நன்றாகக் குளிர வைத்தால் அங்கே உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும், வேருக்குப் போகிற மருந்தின் அளவு குறையும். குளிரில் செல்லின் வேலையும் மந்தமாகும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1970களிலேயே பிளாஸ்டிக் பையில் உடைத்த ஐஸைப் போட்டுத் தலையில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். இப்போது இருப்பது குளிர்ந்த திரவத்தைக் குழாய் வழியாகத் தொப்பிக்குள் சுற்ற விடும் மெஷின். பாக்ஸ்மேன் என்ற மெஷினைச் செய்தவர்கள் இங்கிலாந்தில் பீர் குளிர வைக்கும் தொழிலில் இருந்த குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்கே மார்பகப் புற்றுநோய் வந்து, கீமோவில் முடி போன பிறகுதான் இந்தப் பக்கம் திரும்பினார்கள். டிக்னிகேப் என்று ஸ்வீடனில் செய்த இன்னொன்றும் உண்டு. அமெரிக்க அரசு டிக்னிகேப்புக்கு 2015இலும் பாக்ஸ்மேனுக்கு 2017இலும் அனுமதி கொடுத்தது.

2017இல் இந்த இரண்டு மெஷினையும் வைத்து மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் செய்த இரண்டு ஆய்வுகள் அமெரிக்காவில் வெளிவந்தன. ஒன்றில் தொப்பி போட்டவர்களில் பாதிப் பேருக்கு முடி நின்றது. மற்றதில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நின்றது. தொப்பி போடாத பெண்களில் ஒருத்திக்குக்கூட நிற்கவில்லை. படிக்கவே சந்தோஷமாக இருக்கிறதல்லவா? இப்போது நுணுக்கத்தைப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு வந்த ஆய்வில் சிவப்பு மருந்து வாங்கியவர்களைச் சேர்க்கவே இல்லை. பாதி வந்த ஆய்வில் இரண்டு வகையினரும் இருந்தார்கள். அதில் பக்லிடாக்சல், டோசிடாக்சல் வகை வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பலித்தது, சிவப்பு மருந்து வகை வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூடப் பலிக்கவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'முடி நின்றது' என்று இந்த ஆய்வுகள் எதைச் சொல்கின்றன? பாதிக்குக் குறைவாக உதிர்ந்தால் அது வெற்றிக் கணக்கு. தலைவாரினால் சீப்பு நிறைய வரும், குளியலறைச் சாக்கடை அடைக்கும், பின்னல் பாதியாக மெலியும். அப்போதும் ஆய்வுக்காரர்கள் 'வெற்றி' என்றுதான் எழுதுவார்கள். விக் இல்லாமல் வெளியே போகலாம், அவ்வளவுதான் அதற்குப் பொருள். இடுப்பு வரை கூந்தல் அப்படியே நிற்கும் என்று நினைத்துப் போட்டவர்கள், ஆய்வுப்படி 'வெற்றி' பெற்ற பிறகும் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். வேண்டுமென்றே ஏமாற்றியதாக யாரையும் சொல்ல மாட்டேன். ஆனால் மெஷினைக் காட்டுகிறவர்கள் இதை முதலிலேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

உங்கள் சீட்டில் சிவப்பு மருந்துதான் முதலில் வருகிறது. அதாவது டாக்சோருபிசினும் சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்ந்தது. தொப்பி இல்லாவிட்டால் முதல் டிரிப்புக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் முடி கையோடு வரத் தொடங்கும். தொப்பி போட்டாலும் உங்கள் வரிசைக்கு நான் பெரிதாகப் பந்தயம் கட்ட மாட்டேன். செப்டம்பர் வரை யாருக்கும் தெரியக்கூடாது என்பது உங்கள் நோக்கம். அந்த நோக்கத்துக்கு இந்த வரிசையில் தொப்பியைவிட நல்ல விக் நம்பகமானது. அம்மாவின் டிக்கெட் காசை இதில் போடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். நீங்கள் வாந்தி எடுத்துக் கிடக்கிற நாளில் ரசம் வைத்துக் கொடுக்க அம்மா இருப்பது எந்த மெஷினுக்கும் மேல்.

ஆனால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். சில டாக்டர்கள் பக்லிடாக்சலை முதலில் கொடுத்து, சிவப்பு மருந்தைப் பின்னால் வைப்பதுண்டு. 'எனக்கு அப்படி மாற்றினால் சிகிச்சைக்குக் குறை வருமா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வராது, மாற்றலாம் என்று அவரே சொன்னால் கணக்கு வேறாகிவிடும். ஜூனில் தொடங்கும் பன்னிரண்டு வாரம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வரை ஓடும். இன்டர்வியூ அதற்குள்ளோ அதை ஒட்டியோ வந்துவிடும். அந்தக் காலத்துக்குத் தொப்பி நன்றாகவே கைகொடுக்கலாம். வேண்டாம், முதலில் சிவப்புதான் என்று அவர் காரணம் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். முடிக்காக மருந்தையோ வரிசையையோ மாற்றச் சொல்லி மல்லுக்கு நிற்கக் கூடாது.

போடுவதாக முடிவெடுத்தால் முதல் டிரிப்பிலிருந்தே போட வேண்டும். உதிரத் தொடங்கிய பிறகு தொடங்கினால் போனது திரும்ப ஒட்டாது. ஆனால் நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதனால் பணம் கட்டும் முன், பதினாறு தடவைக்கும் மொத்தமாகவா, ஒவ்வொரு தடவைக்குமா, நடுவில் நிறுத்தினால் மீதி திரும்ப வருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கீமோவுக்குக் கொடுக்கிறது என்பதால் தொப்பிக்கும் கொடுக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது லோட் ஷெட்டிங் பெரிதாக இல்லைதான். ஆனாலும் கரன்ட் போனால் இந்த மெஷினுக்கும் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டுவைப்பது இந்த நாட்டில் வீண் கேள்வி ஆகாது.

அந்த நாற்காலியில் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். முடியைத் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தி, கொஞ்சம் கண்டிஷனர் தடவி, நெற்றியிலிருந்து பின்னால் வாரிவிடுவோம். நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் மெல்லிய பஞ்சுத்துணி வைப்போம், இல்லாவிட்டால் தோல் குளிரில் புண்ணாகும். பிறகு சிலிக்கோன் தொப்பி. அதற்கு மேல் ஒரு உறை, தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டும் பட்டை. உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன். அங்கே விரல் அளவு இடைவெளி இருந்தாலும் பின்னால் அந்த இடத்தில்தான் வழுக்கை விழும். மருந்து ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்னால் குளிர் தொடங்கும். முதல் பத்து, பதினைந்து நிமிஷம் கஷ்டம். குல்ஃபியை அவசரமாகக் கடித்தால் நெற்றிப்பொட்டில் சுரீரென்று குத்துமே, அந்தக் குத்து விடாமல் நிற்கும். 'எடுத்துவிடுங்கள் சிஸ்டர்' என்று பலர் கையைப் பிடிப்பது அப்போதுதான். கொஞ்சம் தாங்கினால் மரத்துவிடும். டாக்டர் சம்மதித்தால் முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். தடித்த போர்வையும் ஃபிளாஸ்கில் சூடாக ரூயிபோஸ் டீயும் கொண்டு போங்கள். பாத்ரூம் போக வேண்டுமானால் குழாயை மட்டும் கழற்றிவிட்டுத் தொப்பியோடு போய்ச் சீக்கிரம் வரலாம்.

மருந்து முடிந்ததும் எழுந்துவிட முடியாது. சிவப்பு மருந்துக்கு அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரமோ கூடுதலாகவோ தொப்பி இருக்க வேண்டும். பக்லிடாக்சலுக்கு அதைவிடக் குறைவு. முடியில் ஐஸ் ஒட்டியிருக்கும், அது இளகும் வரை பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் காப்பாற்றிய முடியை நாமே பிடுங்கினதாகும். ஆக, மற்றவர்கள் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நீங்கள் மாலை டிராஃபிக்கில் மாட்டுவீர்கள். பிள்ளைகளை யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்பதெல்லாம் இந்த முடிவில் சேர்த்தி.

வீட்டில் என்ன செய்வது? வாரத்தில் ஒன்றிரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும். சீயக்காய் தேய்ப்பது, சாம்பிராணிப் புகை, டை, ஹேர் டிரையர், இறுக்கிப் பின்னுவது எல்லாம் கீமோ முடிந்து சில மாதம் வரை வேண்டாம். டிரிப் நாளில் தலையில் எண்ணெயே இருக்கக் கூடாது. நம் பெண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். 'முடி கொட்டுகிறதே, எண்ணெய் வைத்தால்தானே நிற்கும்' என்பார்கள். உங்கள் கூந்தல் நீளம் என்றால் தோள் வரை வெட்டிக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் சிக்கும் இழுப்பும் குறையும்.

உங்கள் தோழிக்குப் பலிக்காததை வைத்து உங்களைக் கணிக்க வேண்டாம். அடர்ந்த சுருள் முடியில் இந்தத் தொப்பி தலைத்தோலை ஒட்டி உட்கார்வதில்லை, இடையில் காற்று நிற்கும். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வைப் பலன் இல்லாததால் நடுவிலேயே நிறுத்தினார்கள். யார் தலையை அளந்து இந்தத் தொப்பியைச் செய்தார்கள் என்பது தெரிகிறதல்லவா? இந்த நாட்டில் விற்கிறவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் காசு வாங்க வேண்டும். அவளுக்கு என்ன மருந்து ஓடியது என்றும் நமக்குத் தெரியாது.

நோய் தலையில் ஒளியுமா? மார்பகப் புற்றுநோய் தலைத்தோலுக்குப் பரவுவது வெகு அபூர்வம், நூற்றில் ஒருவர்கூட இல்லை. தொப்பி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் சிலருக்குத் தொப்பி கூடவே கூடாது. அதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

பள்ளி விஷயத்தில் ஒரு வார்த்தை. நோயைக் காரணம் காட்டி உங்களை ஒதுக்கினால் சட்டம் உங்கள் பக்கம்தான். ஸ்டாஃப் ரூம் பேச்சுக்குச் சட்டம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் முடி இருக்கும்போதே விக் கடைக்குப் போய், இப்போது நீங்கள் வாருகிற அதே வகிடு, அதே நீளம் பார்த்து எடுங்கள். முதல் டிரிப்புக்கு முந்தின வாரமே அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுங்கள். 'என்ன, முடி வெட்டினீர்களா?' என்று ஒரு நாள் கேட்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள்.

கேள்வி: என் மனைவிக்கு 29 வயது. கழுத்தில் கட்டி வந்து, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்றார்கள். அதே மையத்தில் மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்குத் தொப்பி போடுகிறார்கள், எங்களுக்கு மட்டும் 'முடியாது' என்கிறார்கள். காசு கட்டத் தயார் என்றும் சொல்லிப் பார்த்துவிட்டேன். வேறு மையத்தில் கேட்கலாமா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: கேட்காதீர்கள் தம்பி. அவர்கள் செய்தது சரி. மார்பில் வரும் கட்டிக்கும் லிம்ஃபோமா, ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கும் வித்தியாசம் உண்டு. இவற்றில் கெட்ட செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் உடம்பு முழுக்கச் சுற்றக்கூடியவை. மருந்து எட்டாத மூலை ஒன்றை நாமே செய்து கொடுக்கக் கூடாது. அதனால் ரத்தப் புற்றுநோய் எதற்கும் தொப்பி கிடையாது. எந்த மையமாவது 'போடலாம்' என்று சொன்னால் அந்த மையத்தைவிட்டு வெளியே வாருங்கள். குளிர் பட்டால் உடம்பு தடிக்கிற ஒவ்வாமை உள்ளவர்கள், குளிரில் ரத்தம் உறைந்து கட்டுகிற சில அபூர்வ நோய்கள் உள்ளவர்கள், தலைக்குக் கதிர்வீச்சு வாங்குகிறவர்கள் ஆகியோருக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். மனைவிக்கு 29 வயது என்கிறீர்கள். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், முதல் கீமோவுக்கு முன்னாலேயே டாக்டரிடம் அதைப் பேசிவிடுங்கள். கருமுட்டை சேமிப்பது போன்றவற்றை முன்னால்தான் செய்ய முடியும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முடி எப்படியும் திரும்ப வளரும், தம்பி.

கேள்வி: வயது 58. அரசு மருத்துவமனையில் கீமோ. அங்கே தொப்பி மெஷின் இல்லை. ஃப்ரீசரில் வைத்த பட்டாணிப் பையைத் தலையில் கட்டிக்கொண்டால் போதும் என்று யாரோ வீடியோவில் சொல்வதாக மகள் சொல்கிறாள். செய்யலாமா? விக் வாங்க வசதி இல்லை.
— டொங்காட் வாசகி

பதில்: மகளின் பாசம் புரிகிறது, ஆனால் வேண்டாம். முடியின் வேரைக் காப்பாற்ற, தலைத்தோல் முழுவதும் ஒரே சீராக ஏறக்குறைய 20 டிகிரிக்குக் குளிர வேண்டும், மருந்து ஓடி முடிந்த பிறகும் அப்படியே நிற்க வேண்டும். பட்டாணிப் பை தொட்ட இடத்தில் தோலைச் சுட்டுவிடும், தொடாத இடத்தில் ஒன்றும் செய்யாது. சிறிது நேரத்தில் இளகியும் போய்விடும். ஐஸ் பட்டுத் தோல் கறுத்துப்போய் வந்தால் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும், கீமோவும் தள்ளிப்போகும். உறைந்த ஜெல் தொப்பிகளை அரைமணிக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போடும் முறை ஒன்று உண்டு. அதற்குப் பல தொப்பிகள், உலர் ஐஸ், பக்கத்தில் தேர்ந்த ஆள் எல்லாம் வேண்டும். பட்டாணிப் பை அதற்கு ஈடாகாது. பட்டாணியைக் குருமாவுக்கு வையுங்கள்.

அரசு மருத்துவமனை என்பதால் உங்களுக்குக் குறைந்த சிகிச்சை கிடைக்கிறது என்று மனம் நோக வேண்டாம். தொப்பி நோயைக் குணமாக்காது. அது இல்லாததால் உங்கள் சிகிச்சையில் ஒன்றும் குறையவில்லை.

விக் விஷயத்துக்கு கேன்சா அமைப்பின் மையத்துக்குப் போன் செய்யுங்கள். 1931இலிருந்து இந்த நாட்டில் புற்றுநோய்க்காரர்களுக்காக வேலை செய்கிறவர்கள். அவர்கள் மையங்களில் விக் வைத்திருப்பார்கள். அருகில் உள்ள மையத்தில் என்ன இருக்கிறது, என்ன முறை என்று கேட்டுவிட்டுப் போங்கள், வீண் டாக்சி செலவு மிச்சம். வருஷா வருஷம் 'ஷேவதான்' (Shavathon) என்று கடைகளிலும் பள்ளிகளிலும் காசு கொடுத்துத் தலையை மழிக்கிறார்களே, அதை நடத்துவதும் இவர்கள்தான்.

ஆனால் உண்மையைச் சொன்னால், பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் விக் போட்டு வெளியே போனவர்கள் பத்து நிமிஷத்தில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நம்மூரில் அதைவிடச் சுகமான ஒன்று இருக்கிறது, டூக் என்கிற தலைக்கட்டுத் துணி. எங்கள் வார்டில் ஜூலு நர்சுகள் ஐந்தே நிமிஷத்தில் நோயாளிகளுக்கு அதைக் கட்டிவிடுவார்கள், பார்க்க ராணி மாதிரி இருக்கும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்தாலே இரண்டு மூன்று டூக் வரும். பட்டோ நைலக்ஸோ வேண்டாம், மொட்டைத் தலையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். இரவில் தலை சில்லிடும், அதற்கு ஒரு மெல்லிய பருத்திக் குல்லா. வெயிலில் போனால் தலைத்தோலுக்கும் சன் கிரீம் தடவுங்கள்.

கேள்வி: என் மருமகளுக்குக் கீமோ. 'பெண் பிழைத்து வரட்டும், அவள் தலைமுடியை உனக்குத் தருகிறேன்' என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எப்படியும் கொட்டப்போகிற முடிதானே, கோயிலிலேயே மொட்டை போட்டுவிடலாம் என்றால், தொப்பி போட்டுக் காப்பாற்றப்போகிறேன் என்று எதிர்வாதம் செய்கிறாள். சாமி குற்றம் ஆகிவிடாதா?
— மெரிபேங்க் வாசகி

பதில்: அம்மா, உங்கள் வேண்டுதலில் உள்ள அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். மருமகளுக்காக மாமியார் வேண்டிக்கொள்ளும் வீடு கிடைப்பது அவள் அதிர்ஷ்டம். ஆனால் வேண்டிக்கொண்டது நீங்கள், முடி அவளுடையது. அடுத்தவர் பொருளை நேர்ந்துகொண்டு, தரவில்லை என்று அவள்மேல் வருத்தப்படலாமா? மாரியம்மன் என்ன, கணக்குப் பார்க்கிற ஆளா? மனம் ஆறவில்லை என்றால் உங்கள் தலையையே கொடுத்துவிடுங்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மாமியார் மொட்டையோடு வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தால் வார்டே எழுந்து நிற்கும்.

அவளே மனம் மாறி மொட்டை போடுகிறேன் என்றால், கீமோ தொடங்கும் முன் போடட்டும். டிரிப் போட்டு ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் சவரக்கத்தி பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போய் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விடும். எப்போதானாலும் கத்தி, பிளேடு வேண்டாம். மின்சார கிளிப்பரால் ஒட்ட வெட்டினால் போதும். அதே நாட்களில் ஈஸ்டர் சமயத்து இசிப்பிங்கோ கோயில் மாதிரிக் கூட்டத்துக்கும் அவளைக் கூட்டிப் போகாதீர்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் அது ராத்திரி எத்தனை மணியானாலும் மஞ்சள், வேப்பிலை என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். இந்த ஒரு வரியை வெட்டி ஃபிரிஜ்மேல் ஒட்டி வைத்தாலும் சரி.

கேள்வி: தொப்பி போட்டால் புருவமும் இமையும் நிற்குமா அக்கா?
— உம்லாங்கா வாசகி

பதில்: நிற்காது. குளிர் படுவது தலையில் மட்டும்தான். புருவமும் இமையும் தலைமுடிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உதிரும், சிலருக்குக் கீமோ முடிகிற சமயத்தில். இப்போதே நல்ல வெளிச்சத்தில் முகத்தை நேராக வைத்து இரண்டு புருவமும் தெரிய ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பென்சிலால் வரையும்போது எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று பார்த்து வரையலாம். பென்சில் கறுப்பு வாங்காதீர்கள், அடர்ந்த பழுப்பு வாங்குங்கள்.